துனி ஆடத் தெரிந்தவர்களுக்குப் போக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் துனிதான். கொஞ்ச காலமாக அதே மேசையில் மாதம் ஒரு தடவை போக்கரும் ஆடுகிறோம். பணம் கிடையாது, சுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பயறுதான் எங்கள் காசு. சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

துனி, துனி என்கிறீர்களே, அது என்ன ஆட்டம்?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ 304 ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும். 1860 முதல் மதராஸிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த நம் சனங்களிடம் வேரூன்றிய ஆட்டம் இது. நான்கு பேர், இரண்டு கட்சி, 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்தையும் கூட்டினால் 304 வரும். 'தண்ணி' என்ற சொல்தான் துனி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

துனி நன்றாக ஆடுவேன். போக்கர் சுலபமாக வந்துவிடுமா?

விதிகள் ஒரே மாலையில் வந்துவிடும். சீட்டைக் கையில் பிடிக்கவும், எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கவும், போன சீட்டை நினைவில் வைக்கவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் துனியிலிருந்து நீங்கள் கொண்டுவரும் மூன்று பழக்கங்கள் காலை வாரிவிடும்.

முதலாவது, ஜாக்கும் ஒன்பதும். அந்த இரண்டையும் பார்த்தால் துனிக்காரர் மனம் துள்ளும். நான் கற்றுக்கொண்ட புதிதில் ஜாக்–ஒன்பது வந்தபோதெல்லாம் பீன்ஸை அள்ளி அள்ளி வைத்தேன். முதல் வாரமே கிண்ணம் காலி. போக்கரில் ஏஸ்தான் பெரியது. அப்புறம் ராஜா, ராணி, ஜாக், பத்து, ஒன்பது என்று இறங்கி இரண்டு வரை வரும். ஜாக்–ஒன்பது அங்கே ஒரு நடுத்தரக் கை, அவ்வளவுதான். துருப்பும் கிடையாது. ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் நான்கும் சமம்.

இரண்டாவது, 'ஜோடி' என்ற சொல். துனியில் ஒரே இனத்து ராஜாவும் ராணியும் சேர்ந்தால் ஜோடி. போக்கரில் ஒரே எண் இரண்டு வந்தால்தான் ஜோடி: இரண்டு ராஜா, இரண்டு ஏழு. எங்கள் அத்தை முதல் நாள் ராஜாவையும் ராணியையும் மேசையில் போட்டு 'ஜோடி!' என்று சத்தமாகச் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. துனியில் வந்த சீட்டை ஆடித்தான் ஆகவேண்டும். கை மோசமாக இருந்தாலும் ஆறு சீட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்போம். கூட்டாளி காப்பாற்றுவார் என்று நம்புவோம். போக்கரில் கை பிடிக்கவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அப்படிச் சும்மா இருப்பதுதான் ஆட்டத்தின் பாதி. துனியில் ஊறியவர்களுக்கு இது கோழைத்தனம் போலத் தோன்றும். நான் சொல்லிக் கொடுத்தவர்களில் சீக்கிரம் தேறியவர்கள் எல்லோரும் சீட்டை விடக் கற்றுக்கொண்டவர்கள்தான்.

போக்கரில் பல வகை இருக்கிறதாமே. எதைக் கற்றுக்கொள்வது?

டெக்சஸ் ஹோல்டம். தொலைக்காட்சியில் காட்டுவது, சூதாட்டக் கூடங்களில் அதிகம் ஆடுவது எல்லாம் அதுதான். ஓமஹா, ஸ்டட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கை எதைவிடப் பெரியது?

இதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். 52 சீட்டில் ஐந்தை எடுத்தால் 25,98,960 விதமாக எடுக்கலாம். எது அரிதாக வருமோ அது பெரியது. வரிசையின் பின்னால் இருக்கும் நியாயம் அதுதான். இது புரிந்தால் மனப்பாடம் லேசாகிவிடும்.

அடியில் இருப்பது ஒன்றுமே சேராத கை. அங்கே பெரிய சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஐந்து சீட்டு எடுத்தால் பாதித் தடவை இதுதான் வரும். அடுத்தது ஜோடி, நூற்றுக்கு 42 தடவை. அதற்கு மேல் இரட்டை ஜோடி, 21 தடவைக்கு ஒன்று. பிறகு மூன்று ஒரே எண், 47 தடவைக்கு ஒன்று. அதற்கு மேல் ஸ்ட்ரெய்ட், அதாவது இனம் எதுவானாலும் 5, 6, 7, 8, 9 போல ஐந்து தொடர்ந்து வருவது. ஏஸை இதில் மேலேயும் வைக்கலாம், ஒன்று என்று கீழேயும் வைக்கலாம். ராணி, ராஜா, ஏஸ், இரண்டு, மூன்று என்று சுற்றிக்கொண்டு போக மட்டும் முடியாது.

ஸ்ட்ரெய்ட்டுக்கு மேல் ஃப்ளஷ், ஐந்தும் ஒரே இனம், சுமார் 509 தடவைக்கு ஒன்று. ஸ்ட்ரெய்ட் 255 தடவைக்கு ஒன்று வந்துவிடும். அதனால்தான் ஃப்ளஷ் பெரியது. புதியவர்கள் இந்த இரண்டையும்தான் அடிக்கடி மாற்றிச் சொல்வார்கள். அப்புறம் ஃபுல் ஹவுஸ், மூன்று ஒரே எண்ணோடு ஒரு ஜோடி. அப்புறம் நான்கு ஒரே எண், 4,165 தடவைக்கு ஒன்று. உச்சியில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: ஒரே இனத்தில் ஐந்து தொடர்ச்சி. அதிலேயே பத்து முதல் ஏஸ் வரை வந்தால் ராயல் ஃப்ளஷ். மொத்தக் கட்டிலும் அது நான்கே விதமாகத்தான் அமையும். எங்கள் மேசையில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சரி, ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்?

விதியை விதியாகச் சொன்னால் தலை சுற்றும். எங்கள் மேசையில் நடந்தது போல ஒரு ஆட்டத்தையே சொல்கிறேன்.

நான்கு பேர்: நான், என் இடப்பக்கம் தம்பி, அடுத்து அத்தை, அடுத்து மாமா. சீட்டுப் போடுபவர் முன்னால் ஒரு வில்லை வைப்பார்கள். அதற்குப் பட்டன் என்று பெயர். இந்த ஆட்டத்தில் பட்டன் என்னிடம். பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக ஒரு சின்னத் தொகை வைக்கவேண்டும். அது சிறிய பிளைண்ட். தம்பி 1 பீன்ஸ் வைக்கிறான். அடுத்தவர் அதில் இரண்டு மடங்கு வைக்கிறார். அது பெரிய பிளைண்ட். அத்தை 2 வைக்கிறார். நடுவில் சேரும் குவியலுக்குப் பாட் என்று பெயர்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுகிறோம். முதலில் பேசவேண்டியவர் மாமா. அவருக்கு மூன்று வழி: சீட்டை விடலாம், அது ஃபோல்ட், 2 வைத்துக் கூட வரலாம், அது கால், இன்னும் கூட்டலாம், அது ரெய்ஸ். மாமா விட்டுவிடுகிறார். என்னிடம் ஹார்ட் ஏஸும் கிளாவர் ராஜாவும் இருக்கின்றன. 6 என்று கூட்டுகிறேன். தம்பி விடுகிறான், அவன் வைத்த 1 போனது போனதுதான். அத்தை இன்னும் 4 வைத்துக் கூட வருகிறார். பாட்டில் 13.

இப்போது மேசை நடுவில் மூன்று சீட்டு திறந்து வைக்கிறோம். அது ஃப்ளாப். எல்லோருக்கும் பொதுவான சீட்டு. டைமண்ட் ராஜா, ஸ்பேட் எட்டு, ஸ்பேட் மூன்று. எனக்கு ராஜா ஜோடி. முதல் பேச்சு அத்தையுடையது. யாரும் எதுவும் வைக்காதபோது 'செக்' என்று சொல்லி மேசையைத் தட்டி அடுத்தவருக்கு விடலாம். அத்தை தட்டுகிறார். நான் 7 வைக்கிறேன். அவரும் 7 வைக்கிறார். பாட் 27.

நான்காவது சீட்டுக்கு டர்ன் என்று பெயர்: ஹார்ட் ஐந்து. அத்தை தட்ட, நான் 15 வைக்க, அவரும் 15 வைக்கிறார். பாட் 57. ஐந்தாவது, கடைசிச் சீட்டு ரிவர்: கிளாவர் எட்டு. அத்தை தட்டுகிறார். அவர் கையில் ஒரு எட்டு இருக்குமோ என்று எனக்குப் பயம், நானும் தட்டிவிடுகிறேன். இப்போது இருவரும் சீட்டைத் திறக்கவேண்டும்.

அத்தையிடம் ஸ்பேட் ராஜாவும் ஒரு ராணியும். இருவருக்குமே ராஜா ஜோடி, எட்டு ஜோடி. அப்படியானால் சமமா? கிடையாது. எல்லாக் கையும் ஐந்து சீட்டுதான். இருவருக்கும் நான்கு சீட்டு ஒன்றாக இருக்க, ஐந்தாவதாக என் ஏஸும் அவர் ராணியும் மோதுகின்றன. ஏஸ் பெரியது. 57 பீன்ஸும் எனக்கு. இந்த ஐந்தாவது சீட்டைக் கிக்கர் என்பார்கள். நாங்கள் துணைச் சீட்டு என்கிறோம். ராஜாவோடு சின்னச் சீட்டை வைத்துக்கொண்டு ஆடினால் எவ்வளவு நஷ்டம் என்பது இந்த ஒரு கையிலேயே தெரியும்.

கையில் இரண்டு, மேசையில் ஐந்து. இரண்டையும் கட்டாயம் சேர்க்கவேண்டுமா?

வேண்டியதில்லை. ஏழில் எந்த ஐந்து சிறந்ததோ அதுதான் உங்கள் கை. கையிலிருந்து இரண்டும் எடுக்கலாம், ஒன்று எடுக்கலாம், ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம். மேசையிலேயே ஸ்ட்ரெய்ட் விழுந்து யாரிடமும் அதைவிடப் பெரியது இல்லையென்றால் பாட்டைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த இரண்டு சீட்டு வந்தால் ஆடலாம்?

புதியவர் பத்துக் கையில் இரண்டை ஆடினால் போதும். மிச்சக் கைகளை விட்டுவிடுங்கள். பெரிய ஜோடிகள், ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி, ராஜா–ராணி, அவற்றோடு நடுத்தர ஜோடிகள். ஆரம்பத்தில் இவ்வளவுதான் வேண்டும். கையில் ஜோடி வருவதே 17 தடவைக்கு ஒன்று; இரண்டு ஏஸ் 221 தடவைக்கு ஒன்று. ஜோடி இல்லாத கையோடு போனால் ஃப்ளாப்பில் ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒரு தடவை மட்டும். மற்ற இரண்டு தடவை ஒன்றும் சேராது. அந்த இரண்டு தடவைக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் கிண்ணம் என்னாகும் என்று பாருங்கள்.

எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடைசியில் பேசுபவர் எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார். அதனால் பட்டன் உங்களிடம் இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். முதலில் பேசவேண்டிய இடத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். அதே ஜாக்–ஒன்பது, ஒரே இனமாக, பட்டனில் வந்தால் நானே ஆடுவேன். முதல் இடத்தில் விட்டுவிடுவேன்.

ஒரே ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ். காத்திருக்கலாமா?

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஃப்ளாப்பில் உங்களுக்கு நான்கு ஸ்பேட் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இனத்தில் 13 சீட்டு. நான்கு போக மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டு ஸ்பேடாக இருக்க 47-க்கு 9, அதாவது நூற்றுக்கு 19. இரண்டு சீட்டும் பார்க்க முடிந்தால் நூற்றுக்கு 35.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரு சீட்டு பாக்கி என்றால் 2-ஆல் பெருக்குங்கள், இரண்டு பாக்கி என்றால் 4-ஆல். 9 சீட்டுக்கு 18, 36. சரியான விடைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

இப்போது விலையைப் பாருங்கள். பாட்டில் 20 இருக்கிறது, எதிராளி 10 வைக்கிறார். நீங்கள் 10 வைத்தால் மொத்தம் 40. அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று, நூற்றுக்கு 25. அடுத்த ஒரு சீட்டுக்கு வாய்ப்பு 19, விலை 25. கணக்குப்படி விடவேண்டியதுதான். ஸ்பேட் விழுந்தால் எதிராளி இன்னும் நிறைய வைப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடரலாம். எதிராளி 10-க்குப் பதிலாக 4 வைத்திருந்தால்? 28-க்கு 4, நூற்றுக்கு 14. தாராளமாகத் தொடருங்கள். என் தம்பிக்கு இந்தக் கணக்குப் புரிந்த நாளிலிருந்து அவன் ஆட்டமே வேறு.

பொய்க்கை காட்டி ஜெயிப்பதுதான் போக்கர் என்கிறார்களே?

அதற்கு பிளஃப் என்று பெயர். உண்டு, தேவையும்தான். ஆனால் சினிமாவில் காட்டும் அளவு கிடையாது. எதற்கும் சீட்டை விடாத ஆளிடம் பிளஃப் செய்வது வீண். புதியவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் எல்லோரும் கடைசிவரை பார்க்க ஆசைப்படுவார்கள். அங்கே நல்ல கையோடு நேர்மையாகக் காசு வைத்தாலே போதும். பிளஃப் செய்யவே வேண்டும் என்றால், ஃப்ளஷுக்குக் காத்திருப்பது போல இன்னும் தேறக்கூடிய கையோடு செய்யுங்கள். எதிராளி விட்டால் பாட் உங்களுக்கு. விடாவிட்டாலும் சீட்டு விழ வாய்ப்பு இருக்கிறது.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஜாடை காட்டலாமா?

கூடவே கூடாது. துனியில் கூட்டாளி உண்டு. அவருடைய ஒரு பார்வையிலேயே பாதி புரிந்துகொள்வோம். போக்கரில் ஒவ்வொருவரும் தனி. புருஷன் பெண்சாதியே ஒரு மேசையில் இருந்தாலும் எதிரெதிர்தான். இருவர் சேர்ந்துகொண்டு மற்றவர்களை ஏய்ப்பது அங்கே திருட்டுக்குச் சமம்; மேசையை விட்டே அனுப்பிவிடுவார்கள். விட்ட சீட்டு என்னவென்று வாய்விட்டுச் சொல்வதும் தப்பு. ஆட்டம் முடியும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில ஒழுங்குகள்: உங்கள் முறை வரும்முன் பேசாதீர்கள். கூட்டப் போகிறீர்கள் என்றால் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது ஒரே தடவையில் எடுத்து வையுங்கள். கொஞ்சம் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வைப்பதை ஏற்கமாட்டார்கள். சீட்டை மேசைக்கு மேலேயே வைத்திருங்கள், மடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இது அதிர்ஷ்டமா, திறமையா?

ஒரு ராத்திரிக்கு அதிர்ஷ்டம். ஒரு வருஷத்துக்குத் திறமை. இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மோதினால் ஏஸ் வைத்திருப்பவர் நூற்றுக்குச் சுமார் 82 தடவை ஜெயிப்பார். மிச்சம் 18 தடவை எவ்வளவு சரியாக ஆடியிருந்தாலும் தோற்பார். அதே இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு எட்டுப் பேரைக் கடைசிவரை வரவிட்டால் மூன்றில் ஒரு தடவைதான் ஜெயம். அதனால்தான் நல்ல கை வந்தால் முதலிலேயே கூட்டி ஆட்களைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

நம் நாட்டு ஜோஹன்னஸ்பர்க்காரர் ரேமண்ட் ரஹ்மே 2007-இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 6,358 பேருக்கு நடுவே மூன்றாம் இடம் பிடித்தார். அதைப் பார்த்துவிட்டு வேலையை விடலாமா என்று என்னிடம் கேட்ட பையன்கள் உண்டு. அந்த 6,358 பேரில் பெரும்பாலானவர்கள் கட்டிய 10,000 டாலரையும் விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

சூதாட்டக் கூடத்துக்குப் போய் ஆடலாமா?

18 வயது ஆகியிருக்கவேண்டும். டர்பனில் சன்கோஸ்ட், உம்ஷ்லாங்கா பக்கம் சிபாயா இரண்டும் உரிமம் பெற்றவை. போக்கர் மேசை எல்லா நாளும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கூடம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொள்ளும், அதற்கு ரேக் என்று பெயர். மேசையில் எல்லோரும் சமமான திறமை என்றால் ரேக் காரணமாகவே எல்லோரும் மெல்ல மெல்ல நஷ்டப்படுவார்கள்.

முதல் தடவை காசு மேசைக்குப் போகாமல் சின்னக் கட்டணப் போட்டிக்குப் போங்கள். கட்டிய தொகைக்கு மேல் ஒரு ராண்டு கூடப் போகாது. அதற்குப் பல மணி நேரம் ஆடலாம்.

போனிலேயே காசு வைத்து ஆடும் ஆப் இருக்கிறதே?

அதைத் தொடாதீர்கள். 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி இணையத்தில் காசு வைத்துப் போக்கர் நடத்த இங்கே உரிமம் கிடையாது. ஜெயித்தாலும் அந்தப் பணம் பறிமுதல் ஆகலாம். காசில்லாமல் பழகும் ஆப்கள் பரவாயில்லை. ஆனால் பொய்க்காசு என்பதால் எல்லோரும் எல்லாக் கையும் ஆடுவார்கள். கை வரிசையைப் பழக மட்டும் அவை உதவும்.

வீட்டில் சூதாட்டம் என்று திட்டுகிறார்கள். என்ன சொல்வது?

அவர்கள் பயம் நியாயமானது. சம்பளத்தைக் கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர்களை நம் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் அம்மாவோடு வாதாடவில்லை. மேசையில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் பீன்ஸ் கொடுத்தேன். இப்போது மாமாவைவிட நன்றாகச் சீட்டை விடுகிறார்.

ஆனால் ஒன்று. தோற்றதை மீட்கவேண்டும் என்று மறுபடி போகத் தோன்றினால், வாடகைப் பணத்தில் கை வைத்தால், போன இடத்தை வீட்டில் மறைத்தால், அன்றைக்கே நிறுத்துங்கள். பொறுப்பான சூதாட்டத்துக்கான தேசிய உதவி எண் 0800 006 008, கட்டணம் கிடையாது. என்னைக் கூடங்களுக்குள் விடாதீர்கள் என்று நாமே நம் பெயரைப் பதிந்துகொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. குடும்பத்தார் நீதிமன்றம் போய்க் கேட்கவும் வழி இருக்கிறது. அழைக்க வெட்கப்படவேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கட்டுச் சீட்டு, 400 கிராம் சுகர் பீன்ஸ், நான்கு பேர். துனிக்கு எடுத்து வைத்த கட்டு என்றால் இரண்டு முதல் எட்டு வரை உள்ள சீட்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவை எப்போதும் வேறு டிராயரில்தான் கிடக்கும். ஆளுக்கு 100 பீன்ஸ். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடுங்கள். யார் ஏன் விட்டார், யார் ஏன் கூட்டினார் என்று பேசிக்கொண்டே போகலாம். கை வரிசையை ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். இரண்டாவது மணியில் சீட்டை மறையுங்கள். பீன்ஸ் தீர்ந்தவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போடவேண்டும்.